பாதி நிசம், பாதி நடிப்பு: வன்னியில் படமெடுப்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கமராவோடு ஒரு ஊருக்குள் இறங்கினால் படலையில் தொடங்கித் திரையிடல் முடியும்வரை திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஊராக்கள் கேட்டதும், படமெடுக்கப் பழக வந்த பிள்ளைகள் கேட்டதும் இங்கே கலந்து கிடக்கின்றன. பதில் சொல்பவன் எந்த நிறுவனத்திலும் இல்லை. கலியாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டு இடையில் படம் செய்கிறவன். என் அபிப்பிராயமும் பதில்களில் இருக்கும். வேறு விதமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

1. உது டொக்கியுமென்ரியோ, படமோ? ஒண்டைச் சொல்லுங்கோவன்.

இரண்டும்தான். நுண்கடன் எடுத்து மாட்டுப்பட்ட ஒரு அம்மாவை வைத்துச் சொல்கிறேன். அவர் கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பது, கடன் புத்தகத்தைப் புரட்டுவது, கச்சான் வறுத்து விற்கப் போவது எல்லாம் உண்மையில் நடக்கிறவை. நாங்கள் பக்கத்தில் நின்று எடுக்கிறோம். ஆனால் தவணை கட்ட முடியாத ஒரு பின்னேரம், காசு வாங்க வந்தவர் இருட்டும்வரை முற்றத்தை விட்டு எழும்பாமல் குந்தியிருந்தது போன வருடத்துக் கதை. அதே முற்றத்தில் அயல்வீட்டுப் பெடியன் ஒருவனைக் கதிரையில் இருத்தி, நடந்தபடியே திரும்ப நடத்தி எடுக்கிறோம். இரண்டும் ஒரே படத்தில் வரும். எது நிசம், எது நடிப்பு என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்பதற்குப் பத்தாவது கேள்வியைப் பாருங்கள்.

2. வெளிநாட்டுக்காரன்ரை ஸ்டைலைக் கொண்டுவந்து இஞ்சை விடுறியளோ?

டொக்கியுமென்ரி என்று ஒன்று தொடங்கிய காலத்திலிருந்தே இந்தக் கலப்பு இருக்கிறது. 1922இல் ரொபேர்ட் ஃபிளாஹேர்ட்டி இனுயிட் மக்களை வைத்து எடுத்த படத்தில், பனிவீட்டுக்குள் கமராவுக்கு இடமும் வெளிச்சமும் போதவில்லை. ஒரு பக்கம் திறந்த பனிவீட்டைக் கட்டித்தான் உள்ளே நடப்பதை எடுத்தார். ஈரானில் ஒருவர் தன்னைப் பிரபல இயக்குநர் என்று சொல்லி ஒரு குடும்பத்தை நம்பவைத்து வழக்கில் மாட்டினார். அதை 1990இல் அப்பாஸ் கியரோஸ்தமி படமாக்கியபோது ஏமாற்றியவரும் ஏமாந்த குடும்பமும் தங்களைத் தாங்களே நடித்தார்கள்.

எங்களுக்கும் இது பழசு. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து விடியவிடிய ஆடுவார்கள். அதில் கண்ணகி நீதி கேட்பது, வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற சனத்துக்கு வெறும் கதையில்லை.

3. உள்ளதை உள்ளபடி எடுத்தாப் போதாதே? ஏன் நடிக்க வைக்கிறியள்?

முதல் காரணம், காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 2008 கடைசியிலிருந்து 2009 மே வரை கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் சாமான் குறைந்தது. கலியாண அல்பம் எந்தப் பங்கரோடு போனது, பிள்ளையின் பள்ளிக்கூடப் படம் எந்த றோட்டில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. செட்டிகுளம் முகாமுக்குள் போகும்போது அடையாள அட்டை மிஞ்சியதே பெரிய காரியம். கடந்த காலத்தைக் காட்ட வேண்டுமென்றால் அதை நாங்கள்தான் செய்து காட்டவேண்டும்.

இரண்டாவது, சொல்லிச் சொல்லிச் சலித்த கதைகள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2010இல் வந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் சொன்னார்கள். 2013இல் நியமித்த பரணகம ஆணைக்குழுவிடமும் சொன்னார்கள். 2018இல் காணாமற்போனோர் அலுவலகம் வேலையைத் தொடங்கியபோது, இனிச் சொல்லமாட்டோம் என்று பலர் விலகி நின்றார்கள். இடையில் வந்த பத்திரிகைக்காரருக்கும் ஆராய்ச்சிக்காரருக்கும் கணக்கில்லை. இப்போது கமராவை வைத்தவுடன் பெயர், திகதி, இடம், கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு என்று ஒப்புவிப்பது போல வந்துவிடுகிறது. அதை இன்னொருதரம் வாங்கி நான் என்ன செய்ய?

அதே அம்மாவை நடிக்கிற பெடியனுக்குப் பக்கத்தில் இருத்தி, “உங்கட மகன் வேலையால வீட்டை வாறதை இவனுக்குச் சொல்லிக் குடுங்கோ அம்மா” என்று கேட்டால் ஆளே மாறிவிடுவார். ஒரு அம்மா அந்தப் பெடியனைத் திரும்பத் திரும்பப் படலைக்கு அனுப்பினார். “அப்பிடி இல்லை ராசா, அவன் சைக்கிளை வேலியிலை சாத்தமாட்டான், வேப்பமரத்திலைதான் சாத்துவான். செருப்பைக் கழட்ட முதல் வாளிக்குள்ளை கையை விடுவான்.” எந்த ஆணைக்குழுவும் அவரிடம் இதைக் கேட்டிருக்காது. அந்த நடிப்பையும், அதைச் சொல்லிக்கொடுக்கிற அவரையும் சேர்த்துத்தான் எடுத்தோம்.

மூன்றாவது காரணம், முகம் காட்ட முடியாதவர்கள். அது ஐந்தாவது கேள்வி.

4. நடிக்கிறது ஆர்? எங்களுக்கு நடிக்கத் தெரியாதே.

ஊராக்கள்தான். நடிக்கத் தெரியாதவர்களோடு வேலை செய்வது எனக்கு வசதியும்கூட. பழகிய வேலையைக் கையில் கொடுத்துவிட்டால், அது வலை பொத்துவதாகட்டும், நெல் தூற்றுவதாகட்டும், ரொட்டி தட்டுவதாகட்டும், வாய் தானாகப் பேசும். கூத்தாடுகிறவர்கள் ஆர்வமாக வருவார்கள். ஆனால் வெட்டவெளியில் கடைசி ஆளுக்கும் கேட்கப் பழகிய குரலை முன்னால் இருக்கிற சின்ன மைக்குக்கு இறக்குவது பெரும் பாடு. கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரை நடிக்க விடாமல் மற்றவர்களைப் பழக்க விடுவேன். அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. கொடுத்தால் எங்கள் ஆட்கள் உடனே சினிமாத் தமிழுக்கோ, றேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழுக்கோ போய்விடுவார்கள். நடந்ததை விளங்கப்படுத்தி, உங்கட வாயால சொல்லுங்கோ என்று விட்டுவிடுகிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள் “வன்னித் தமிழ் உதில்லையே” என்று அதைத் திருத்தப் பார்ப்பார்கள். இங்கே காடு வெட்டி, வயல் செய்து, எல்லாரோடும் இடம்பெயர்ந்து செத்தவர்கள் அவர்கள். காணி உறுதி, தண்ணீர் என்று வரும்போது அவர்களைக் கடைசி வரிசையில் விடுகிற வழக்கத்தைப் படத்திலும் செய்யக்கூடாது.

5. எங்கட முகம் தெரியாம எடுக்கேலுமோ?

ஏலும். ஆனால் முகத்தை மங்கலாக்கிவிட்டால் சரி என்று நினைக்கவேண்டாம். ஊருக்குள் ஆளை அடையாளம் காண முகம் தேவையில்லை. நடை, இருமல், முற்றத்து மாமரம், கிணற்றுக் கட்டில் எழுதிய வருடம், நிறுவனம் கொடுத்த வீட்டின் இலக்கம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். குரலை மாற்றினாலும் பேச்சுப் பழக்கம் மாறாது.

இந்த இடத்தில்தான் நடிப்பு உதவுகிறது. கதையை வேறு ஊரில், வேறு ஆளை வைத்து எடுக்கலாம். பிள்ளைகளின் எண்ணிக்கை, தொழில், ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் மாற்றலாம். மாற்றியிருக்கிறோம் என்று படத்திலேயே சொல்லவும் வேண்டும். கதை சொன்னவரின் ஒலிப்பதிவு எடிட்டிங்குக்கு வராது. எழுதி எடுத்தபின் அவருக்கு முன்னாலேயே அழித்துவிடுகிறோம். போனில் எடுத்திருந்தால் இடத்தைக் குறித்துவைக்கிற வசதி நின்றிருக்கிறதா என்று முதலே பார்க்கவேண்டும்.

6. அழுவிக்கத்தானே வாறியள்?

இல்லை. அழுகை வந்தால் கமராவை நிறுத்துவோம். எடு தம்பி என்று அவர் சொன்னால் மட்டும் எடுப்போம். போர்க்காலத்தில் இயக்கத்தின், அதாவது விடுதலைப் புலிகளின், படப்பிரிவான நிதர்சனமும் பிறகு வந்த நிறுவனங்களும் எடுத்து எடுத்து, இங்குள்ள சனத்துக்குக் கமராக்காரனுக்கு என்ன வேண்டும் என்று நல்லாய்த் தெரியும். கேட்காமலே தந்துவிடுவார்கள். வாங்காமல் இருக்கப் பழகுவதுதான் எங்கள் வேலை.

7. இண்டைக்கு ஓமெண்டு சைன் வைச்சிட்டு, பிறகு வேண்டாமெண்டா?

வேண்டாமென்றால் வேண்டாம்தான். ஒரேயொரு கையெழுத்தை நான் நம்புவதில்லை. பாதிப் பேர் அந்தத் தாளை வாசிக்காமலே வைப்பார்கள், நிவாரணப் பதிவுக்கு வைத்த பழக்கம். எடுக்க முதல் ஒருதரம், எடுத்து முடிந்து சில நாள் கழித்து ஒருதரம், வெட்டி ஒட்டிய படத்தை வீட்டில் போட்டுக் காட்டியபின் ஒருதரம் கேட்கிறோம். கடைசித் தரம்தான் முக்கியம். தான் சொன்னது எதற்குப் பக்கத்தில் வந்து இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

யாருக்கும் காட்ட முதல் எந்த நேரமும் விலகலாம். யூரியூப்பில் போட்டபிறகு எங்கள் பக்கத்தில் எடுத்துவிடலாம், ஆனால் இறக்கி வைத்தவர்களிடமிருந்து பிடுங்க முடியாது. இதை முதலே சொல்லிவிடவேண்டும். சொன்னால் சிலர் விலகிவிடுவார்கள் என்று பயந்து சொல்லாமல் விடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

8. நடிச்சாக் காசு தருவியளோ? கதை சொன்னா?

நடிக்கிற நாளுக்குக் கூலி உண்டு, எல்லாருக்கும் ஒரே அளவு. அன்று வயலுக்கோ கடலுக்கோ போகாமல்தானே நிற்கிறார்கள். கதை சொல்வதற்குக் காசில்லை. காசு கொடுத்தால் கதை காசுக்கேற்ற மாதிரி வளரும், நாளைக்கு யாராவது விலைக்கு வாங்கிய சாட்சி என்று சொன்னால் அவருக்குத்தான் கேடு.

சிக்கல், தன்னைத் தானே நடிக்கிறவரிடம். அவர் சாட்சியா, நடிகரா? நான் செய்வது, சொன்ன நாளையும் நடித்த நாளையும் பிரித்து வைத்து, நடித்த நாளுக்கு மட்டும் மற்றவர்களுக்கு முன்னாலேயே கொடுப்பது. ஒளித்துக் கொடுத்தால் ஊரில் கதை வேறு மாதிரிப் போகும்.

9. உங்களுக்கு ஆர் காசு தாறது? எந்த நிறுவனம்?

பெரும்பாலும் என் கலியாண வீடியோக்கள்தான். நிறுவனக் காசு கிடைக்கும். ஆனால் பல நிறுவனங்களுக்குப் படம் என்பது திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கம்: தையல் மெசினுக்குப் பக்கத்தில் பெண் சிரிக்கவேண்டும், பிறகு லோகோ. வெளிநாட்டுச் சொந்தங்கள் தருகிற காசுக்கு முடிவு வேறு. அங்கே பெண் சிரிக்கக்கூடாது. இரண்டு பேருக்கும் முடிவு முதலே தெரியும், எனக்குத் தெரியாது. தொடக்கத்திலேயே இதைக் கதைத்து, படத்தை வெட்டுகிற உரிமை யாரிடம் என்று எழுதி வாங்கிவிட்டால் யாரிடமும் காசு வாங்கலாம்.

10. நடிச்சதெண்டு பாக்கிற ஆக்களுக்குச் சொல்லுவியளோ?

சொல்லவேண்டும். எப்படி என்பதில் மட்டும்தான் சுதந்திரம். எழுத்துப் போடலாம், மூன்றாவது கேள்வியில் வந்த அம்மாவைப் போல சொல்லிக்கொடுப்பதையும் காட்டலாம், நடிப்பவரே கமராவைப் பார்த்துத் தான் யாரென்று சொல்லலாம். 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜினி திராணகம பற்றி 2005இல் வந்த ஆவணப்படத்தில் அவரது மகளே தாயாக நடித்தார். அது தெரிந்து பார்க்கும்போது நடிப்புக் காட்சிகளின் கனமே வேறு.

என் கோடு இது: உணர்வை நடிக்கலாம், அத்தாட்சியை நடிக்கக்கூடாது. ஒருவர் படலையில் காத்திருந்ததை நடிக்கலாம். அவரிடம் இல்லாத கடிதத்தைச் செய்து காட்டக்கூடாது. திகதி, இலக்கம், முத்திரை, எலும்பு, உடுப்பு எதிலும் கைவைக்கக்கூடாது. வன்னியில் நடந்ததை இல்லையென்று சொல்லக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரேயொரு பொய்க் காகிதம் போதும், முழுப் படத்தையும் தூக்கி எறிந்துவிடுவார்கள். படத்தோடு சேர்த்து அந்த அம்மாவையும்.

2009இல் எடுபட்ட இறந்தவர்களின் காட்சிகளையும் நான் சேர்ப்பதில்லை. அந்த உடலுக்குச் சொந்தக்காரர் திரையிடலில் முன்னால் இருக்கலாம்.

11. ஆமிக்காரனா ஆர் நடிக்கிறது? இயக்கக்காரனா?

சீருடை போட்டு யாரும் நடிப்பதில்லை. இராணுவச் சீருடையைக் கையில் வைத்திருப்பதே சட்டச் சிக்கல். அதோடு, அந்த உடுப்போடு ஒருவன் ஒழுங்கையால் நடந்து போனால், நடிப்பென்று தெரிந்தும் சிலருக்கு அன்றிரவு நித்திரை வராது. டோர்ச் வெளிச்சம், சிங்களத்தில் ஒரு குரல், நாய் குரைக்கிற சத்தம் போதும்.

இயக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதும் இங்கே நடந்ததுதான். பிள்ளையைப் பங்கருக்குள் ஒளித்துவைத்த தாயும், பிடிக்க வந்தவரின் தாயும் ஒரே கோயில் வாசலில் நிற்கிற ஊர்கள் இருக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் கைதட்டு நிச்சயம். அந்தக் கைதட்டுக்காக மற்ற அம்மாவை வெட்டி எறிய எனக்கு மனமில்லை. ஆனால் அவர் சொல்ல முன்வந்தால் மட்டும்தான், ஐந்தாவது கேள்வியில் சொன்ன பாதுகாப்போடு.

12. பெர்மிஷன் எடுக்கோணுமோ?

வளவுக்குள் எடுக்க வீட்டுக்காரர் சம்மதம் போதும். ஆனாலும் கிராம அலுவலருக்கும் மாதர் சங்கத்துக்கும் முதலே சொல்லிவிட்டால் பிறகு வருகிற தலையிடி குறையும். பாடசாலைக்குள் என்றால் கல்வித் திணைக்களத்துக் கடிதம். காட்டுக்குள்ளோ தொல்லியல் எல்லைக்கல் போட்ட இடத்திலோ என்றால் அந்தந்தத் திணைக்களம். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை; முகாம் பக்கம் அதை எடுக்கவே வேண்டாம். பகிரங்கமாகக் காட்டுவதென்றால் 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தணிக்கைச் சபை இருக்கிறது.

இதையெல்லாம் செய்தாலும் சிவில் உடுப்பில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஆர் நீங்கள், எந்த இடம் என்று கேட்கக்கூடும். நீங்கள் போனபின் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்பதுதான் பிரச்சினை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மறந்துவிட்டு யாரும் இங்கே வாய் திறப்பதில்லை. ஆகவே என்ன பதில் சொல்வது என்று வீட்டுக்காரரோடு முதலே கதைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

13. கமரா வாங்கக் காசில்லை. போனில எடுத்தாச் சரிவராதோ?

படம் சரிவரும், சத்தம்தான் சரிவராது. சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்றுக்கு முதலில் காசு சேருங்கள். விடிய மயில் கத்தும், பிறகு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் போகும், ஏ9 பக்கம் என்றால் லொறி, வைகாசி ஆடியில் கோயில் ஸ்பீக்கர். ஐப்பசி தொடங்கித் தை வரை மழை. தகரக் கூரைக்குக் கீழே மழைக்குள் பேச்சை எடுக்க முடியாது. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தை எடுத்து வையுங்கள், நடித்த காட்சியையும் நிசத்தையும் ஒட்டும்போது அது கைகொடுக்கும். வெயில் ஏறினபிறகு முகம் எல்லாம் நிழலாகிவிடும். காலையும் பின்னேரமும் எடுங்கள், மத்தியானம் சாப்பிடுங்கள்.

14. உதாலை என்ன பிரியோசனம்? படமெடுத்தாக் காணி வருமோ?

வராது. 2017 ஜனவரி கடைசியில் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் குந்தினார்கள், மார்ச் தொடக்கத்தில் அந்தக் காணி விடுபட்டது. விடுவித்தது இரவு பகலாக அங்கேயே கிடந்த சனம். கமராக்கள் பக்கத்தில் நின்றன. அதே வருடம் பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் போராட்டமாகக் குந்தத் தொடங்கினார்கள். எத்தனையோ பேர் எடுத்தோம். பதில் வரவில்லை, தாய்மாரில் பலர் செத்துப்போனார்கள்.

சின்ன விஷயங்களில் பிரயோசனம் கண்டிருக்கிறேன். கடன் படத்தைப் பக்கத்து ஊர் மாதர் சங்கத்தில் போட்டபோது, கதிரையில் குந்தியிருக்கிற பெடியனைக் கண்டு பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவர் எழும்பி, எங்கட வீட்டிலையும் உப்பிடித்தான் என்றார். அதுவரை ஒவ்வொருவரும் தன் வீட்டு வெட்கம் என்று மூடி வைத்திருந்தது. படம் பாதியில் நின்றுவிட்டது, அவர்கள் கடன் புத்தகங்களை எடுத்துவந்து வட்டியை ஒப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

15. எங்கை போடுவியள்? யூரியூப்பிலையோ?

முதலில் எடுத்த ஊரில். வாசிகசாலைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டினால் போதும். பிறகு மற்ற ஊர்கள், பிறகு 2015இலிருந்து நடக்கிற யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா போன்றவை, யூரியூப் கடைசி. அங்கே படத்தைவிடக் கீழே வருகிற பின்னூட்டங்களை அந்த அம்மாவின் பேரப்பிள்ளை வாசிக்கும். சிங்கள சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள். ஆங்கிலத்துக்குக் காசு தர ஆள் இருக்கும், சிங்களத்துக்குத் தேடவேண்டும். தேடுங்கள்.

16. எங்கட கதையை எடுத்து நீங்கள் பேர் வாங்கிறியள். எங்களுக்கு என்ன?

நியாயமான கேள்வி. கதை சொன்னவரின் பெயர் எழுத்து என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் வரும். பெயர் போட முடியாதென்றால் அவர் விரும்பிய வேறு பெயர். ஒருவர் தன் பசுமாட்டின் பெயரைப் போடச் சொன்னார், போட்டோம். பரிசுக் காசு வந்தால் எப்படிப் பிரிப்பது என்று எடுக்க முதலே எழுதி, ஒரு பிரதி அவர் வீட்டில். படம் பென்டிரைவில் ஒன்று, எடுத்து வெட்டாத பகுதிகளில் அவருடையது இன்னொன்று. பிள்ளையாக நடித்தவனோடு நின்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் கேட்கிறவர்களும் உண்டு. அது என் செலவு.